தீவனத்தில் கலந்த மருந்து: சென்னையை முன்வைத்துக் கால்நடை நுண்ணுயிர்களின் மருந்தெதிர்ப்பு வரலாறு

2010 ஆகஸ்டு 11 அன்று ‘லான்செட்’ குழுமத்தின் தொற்றுநோய் ஆய்விதழில் வெளியான கட்டுரையொன்று இந்திய நாடாளுமன்றம் வரை எதிரொலித்தது. கார்பபெனெம் என்னும் உயர்நிலை மருந்துகளைச் சிதைக்கவல்ல என்.டி.எம்.-1 நொதியைத் தாங்கிய குடல்வாழ் பாக்டீரியாக்கள் இந்தியா, பாகிஸ்தான், பிரிட்டன் ஆகிய நாடுகளின் நோயாளிகளிடையே பரவியிருப்பதை அது காட்டியது. அதன் முதல் ஆசிரியரான கார்த்திகேயன் குமாரசாமி, சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில் இயங்கும் டாக்டர் ஏ.எல். முதலியார் அடிப்படை மருத்துவ அறிவியல் முதுநிலை நிறுவனத்தைச் சேர்ந்தவர். சென்னையில் 44, ஹரியானாவில் 26, பிரிட்டனில் 37, இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் பிற இடங்களில் 73 என அந்நொதியுடைய பாக்டீரிய மாதிரிகள் கணக்கிடப்பட்டிருந்தன. ஆயினும் அன்று விவாதிக்கப்பட்டது இவ்வெண்களன்று, நொதியின் பெயர். அப்பெயரில் ‘புது தில்லி’ இடம்பெற்றது நாட்டுக்கு இழுக்கு என்றும், மருத்துவச் சுற்றுலாவைக் குலைக்கும் சூழ்ச்சி என்றும் கண்டனங்கள் எழுந்தன. 2011 ஜனவரியில் ‘லான்செட்’ ஆசிரியர் ரிச்சர்டு ஹார்ட்டன் பெயரிட்டதில் பிழை நேர்ந்ததாக ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தார்.

பெயர்ப் பூசலின் இரைச்சலில் ஒரு கேள்வி கேட்கப்படாமலே போயிற்று. சென்னையின் 44 மாதிரிகளும் மனித நோயாளிகளிடமிருந்து பெறப்பட்டவை. அதே நகரம் உண்ணும் கோழி, ஆடு, மீன், முட்டை ஆகியவற்றைத் தரும் உயிரினங்களின் குடலில் என்ன நிகழ்ந்துகொண்டிருந்தது? மருந்தெதிர்ப்பு பற்றிய சென்னையின் அறிவு மருத்துவமனைப் படுக்கையில் தொடங்கிப் பண்ணையை மிகத் தாமதமாகவே வந்தடைந்தது. அத்தாமதத்தை ஆய்வாளர்களின் கவனக்குறைவு என்று தள்ளிவிட இயலாது. மனித மருத்துவமும் கால்நடை மருத்துவமும் தனித்தனி நிறுவனங்களாகவும் தனித்தனிச் சட்டங்களாகவும் பிரிந்து நின்ற வரலாற்றின் விளைவு அது.

சொல்லாட்சி குறித்து ஒரு விளக்கம் இங்கே தேவைப்படுகிறது. ‘ஆன்டிபயாட்டிக்’ என்பதற்குத் தமிழில் ‘நுண்ணுயிர் எதிர்ப்பி’ என்ற சொல் பரவலாக வழங்குகிறது. அம்மருந்தை நுண்ணுயிர் தாங்கி நிற்பதையும் ‘நுண்ணுயிர் எதிர்ப்பு’ என்றே பல நூல்கள் எழுதுகின்றன. எதிர்ப்பது மருந்தா நுண்ணுயிரா என்று படிப்பவர் மயங்குகின்றனர். செய்தித்தாள்களிலும் இம்மயக்கம் காணக்கிடைக்கிறது. எனவே மருந்து இக்கட்டுரையில் ‘நுண்ணுயிர்க்கொல்லி’ எனவும், அதனைத் தாங்கும் பாக்டீரியாவின் ஆற்றல் ‘மருந்தெதிர்ப்பு’ எனவும் சுட்டப்பெறும்.

கன்றும் அம்மைப்பாலும்

மனிதர் நலமும் கால்நடை நலமும் எப்போதும் பிரிந்தே இருந்தன என்று கருதுதல் பிழை. அடையாற்றின் இரு கரைகளில், சைதாப்பேட்டையிலும் கிண்டியிலும், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அவை அடுத்தடுத்தே இருந்தன. 1860களில் சைதாப்பேட்டையில் அரசின் சோதனைப் பண்ணை உருவாயிற்று. அதனையொட்டி வேளாண் பள்ளி வளர்ந்தது. மாடுகளின் நோய் பற்றிய பாடமும் உழவுப் பாடத்தோடு அங்குச் சேர்ந்தே கற்பிக்கப்பட்டது. 1899 இல் கிண்டியில், சுகாதார ஆணையராயிருந்த டபிள்யூ.ஜி. கிங்கின் முயற்சியால் அம்மைப்பால் தயாரிக்கும் நிலையம் தொடங்கிற்று. பின்னாளில் அது அவர் பெயராலேயே கிங் நிறுவனம் ஆயிற்று. அம்மைப்பால் எடுக்கப்பட்டது உயிருள்ள கன்றுகளின் தோலிலிருந்து. கன்று நோயற்றதாக இருந்தால்தான் நகரத்துக் குழந்தைக்குக் குத்தும் பால் தூயதாக இருக்கும் என்பது அங்குப் பணியாற்றியோர் நாள்தோறும் கையாண்ட உண்மை.

இந்நெருக்கம் நீடிக்கவில்லை. 1903 அக்டோபர் 1 அன்று சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி, டாபின் ஹால் என்னும் சிறு கட்டடத்தில் 20 மாணவர்களோடு தோன்றி, வேப்பேரியில் நிலைபெற்றது. 1906 இல் வேளாண் பள்ளி கோயம்புத்தூருக்குப் பெயர்ந்தது. 1989 இல் கால்நடை மருத்துவ அறிவியலுக்கெனத் தனிப் பல்கலைக்கழகமே உருவாயிற்று. ஒவ்வொரு பிரிவும் அதனதன் துறைக்கு ஆக்கம் தந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒரு கோழியின் குடலிலிருந்து ஒரு நோயாளியின் குருதிக்குச் செல்லும் பாக்டீரியாவைத் தொடர்ந்து நோக்கும் பொறுப்பு எவருடையது என்ற கேள்விக்கு இவ்வமைப்பில் விடையில்லை.

பேர்ல் ரிவரின் கோழிக்குஞ்சுகள்

நுண்ணுயிர்க்கொல்லி கால்நடைத் தீவனத்துள் புகுந்த கதை அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்துப் பேர்ல் ரிவரில் இருந்த லெடர்லி ஆய்வகத்தில் தொடங்குகிறது. அதன் முன்கதையில் சென்னைக்கும் ஓர் இடமுண்டு. அவ்வாய்வகத்தின் ஆராய்ச்சிப் பணியை 1940களில் வழிநடத்தியவர் எல்லாப்பிரகத சுப்பாராவ். கோதாவரிப் பகுதியிலிருந்து சென்னைக்குப் படிக்க வந்து, மாநிலக் கல்லூரியிலும் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் பயின்றவர். இராமகிருஷ்ணர் இயக்கத்தின்பால் ஈர்ப்புற்றுத் துறவை விழைந்தவர் என்று அவருடைய வாழ்க்கை வரலாறு கூறும். அவர் மாணவராயிருந்த காலத்தில் அவ்வியக்கத்தின் சென்னை மடம் மயிலாப்பூரில் இயங்கியது. அறுவை அரங்கில் கதராடை அணிந்தமையால் ஆங்கிலேயப் பேராசிரியரின் வெறுப்புக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டத்துக்கு மாறாக அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். பட்டமே பெற்றார், சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு கற்பித்தபின் 1920களின் தொடக்கத்தில் பாஸ்டனுக்குக் கப்பலேறினார்.

அவர் தலைமையின்கீழ்ப் பணியாற்றிய பெஞ்சமின் டக்கர் மண்வாழ் நுண்ணுயிர் ஒன்றிலிருந்து பிரித்தெடுத்த ஆரியோமைசின், டெட்ராசைக்ளின் வகையின் முதல் மருந்து. 1948 ஜூலையில் அது மருத்துவ உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அடுத்த மாதமே சுப்பாராவ் காலமானார். அவ்வாண்டின் இறுதியில் அதே ஆய்வகத்தின் தாமஸ் ஜூக்ஸ், ராபர்ட் ஸ்டோக்ஸ்டாடு ஆகியோர் கோழிக்குஞ்சுகளுக்கு வைட்டமின் பி12 தரக்கூடிய மலிவான பொருளைத் தேடிக்கொண்டிருந்தனர். ஆரியோமைசின் தயாரிப்பில் மீந்த நொதிப்புக் கழிவைத் தீவனத்தில் கலந்தபோது, வைட்டமினால் மட்டும் விளக்க முடியாத வேகத்தில் குஞ்சுகள் எடை கூடின. கழிவில் எஞ்சியிருந்த மருந்தே அதற்குக் காரணம் எனப் பின்னர்த் தெளிவாயிற்று. 1951 இல் அமெரிக்க அரசு, கால்நடை மருத்துவரின் சீட்டு இன்றியே இம்மருந்துகளைத் தீவனத்தில் சேர்க்க இசைவளித்தது. நோயற்ற விலங்குக்கு நாள்தோறும் சிறு அளவில் மருந்தூட்டும் வழக்கம் இவ்வாறு பிறந்தது. இதில் சுப்பாராவுக்குப் பொறுப்பில்லை. கோழிச் சோதனை அவர் மறைவுக்குப் பிற்பட்டது. எனினும் அவரைப் பற்றிய தமிழ்க் கட்டுரைகள் ஆரியோமைசினின் பெருமையோடு நின்றுவிடுகின்றன. அம்மருந்து தீவனமான வரலாற்றைத் தொடுவதில்லை.

சிறு அளவு என்பதே இவ்வழக்கத்தின் இடர். நோய்க்குரிய முழு அளவு பெரும்பாலான பாக்டீரியாக்களை அழித்துவிடும். குறைந்த அளவோ மருந்துக்கு எளிதில் இரையாகும் பாக்டீரியாக்களை மட்டும் ஒடுக்கி, தாங்குவனவற்றுக்கு இடம் விட்டுக்கொடுக்கிறது. அடுத்துவரும் தலைமுறைகளில் தாங்குவனவே பெருகுகின்றன. 1959 இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் மற்றொன்றையும் கண்டறிந்தனர். மருந்தெதிர்ப்பு தாய்ச் செல்லிலிருந்து சேய்ச் செல்லுக்கு மட்டுமன்றி, ஓரினப் பாக்டீரியாவிலிருந்து வேற்றினப் பாக்டீரியாவுக்கும் கைமாறும். பிளாஸ்மிட் எனப்படும் சிறு மரபணு வளையங்கள் அதற்கு ஊர்தியாகின்றன. கோழிக் குடலின் தீங்கற்ற எஷரிக்கியா கோலி, தான் நோய் செய்யாவிடினும், நோய் செய்யும் வேறொன்றுக்குத் தன் எதிர்ப்பைக் கொடுத்துவிட்டுச் செல்லலாம். 1976 இல் அமெரிக்க ஆய்வாளர் ஸ்டூவர்ட் லெவி வெளியிட்ட சோதனையில், டெட்ராசைக்ளின் கலந்த தீவனம் உண்ட கோழிகளிடம் தோன்றிய எதிர்ப்புடைய பாக்டீரியாக்கள் சில மாதங்களில் அப்பண்ணைக் குடும்பத்தினரின் குடலிலும் காணப்பட்டன.

பிரிட்டனின் சுவான் குழு 1969 நவம்பரிலேயே மனித மருத்துவத்துக்குரிய நுண்ணுயிர்க்கொல்லிகளை வளர்ச்சியூக்கிகளாகப் பயன்படுத்தலாகாது எனப் பரிந்துரைத்தது. சுவீடன் 1986 இல் தடைவிதித்தது. ஐரோப்பிய ஒன்றியம் முழுமைக்கும் தடை 2006 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

எச்சமும் எதிர்ப்பும்

தமிழகத்தில் இக்காலத்தில்தான் கோழி வளர்ப்பு கொல்லைப்புறத்திலிருந்து கொட்டகைக்கு மாறியது. சென்னையின் முட்டைக்கு நாமக்கல்லும், கறிக்கோழிக்குப் பல்லடம் வட்டாரமும் ஆதாரமாயின. பல்லடத்தில் வேரூன்றிய ஒப்பந்த முறையில் நிறுவனம் குஞ்சும் தீவனமும் மருந்தும் தருகிறது. விவசாயி கொட்டகையும் உழைப்பும் தந்து, கோழியின் எடைக்கேற்ப வளர்ப்புக்கூலி பெறுகிறார். மூட்டையில் வரும் தீவனத்தில் என்ன கலந்திருக்கிறது என்பதைப் பல வேளைகளில் அவர் அறியார். அதனால் ‘விவசாயிகளின் அறியாமை’ என்று மேடைகளில் எளிதாகச் சொல்லப்படும் காரணம் இங்குப் பொருந்துவதில்லை. தீவனத்தின் உள்ளடக்கத்தை முடிவுசெய்வோர் வேறு. கோழியோடு நாளெல்லாம் இருப்போர் வேறு.

இந்தியச் சட்டங்கள் இச்சிக்கலை எவ்வாறு நோக்கின என்பது கூர்ந்து பார்க்கத்தக்கது. 2007 இல் இந்தியத் தர நிர்ணய அமைவனம் வெளியிட்ட கோழித் தீவனத் தரக்குறிப்பு நுண்ணுயிர்க்கொல்லி வளர்ச்சியூக்கிகளைக் கைவிடுமாறு கூறிற்று. ஆனால் அத்தரக்குறிப்பு கட்டாயமன்று, விரும்பினோர் ஏற்கலாம். 2012 ஜனவரியில் மருந்து விதிகளில் செய்யப்பட்ட திருத்தம், மருந்து கொடுத்தபின் காத்திருக்க வேண்டிய காலத்தைக் கால்நடை மருந்தின் உறையில் குறிக்கக் கட்டளையிட்டது. குறிக்கப்படாத மருந்துக்குப் பாலும் முட்டையும் என்றால் 7 நாள், இறைச்சி என்றால் 28 நாள். 2018 இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் நாடு தழுவி 6,432 பால் மாதிரிகளைச் சோதித்து, அவற்றில் 77 இல் நுண்ணுயிர்க்கொல்லி எச்சம் வரம்பை மீறியிருந்ததாக அறிவித்தது.

இவையனைத்தும் அளந்தது எச்சத்தை, அதாவது உணவில் தங்கிய மருந்தை. மருந்தெதிர்ப்பு வேறொன்று. 28 நாள் காத்திருந்தால் மருந்து உடலைவிட்டு நீங்கும். அம்மருந்து தேர்ந்தெடுத்து வளர்த்த பாக்டீரியாக்கள் நீங்கவேண்டும் என்பதில்லை. எச்சமற்ற இறைச்சி எதிர்ப்புடைய பாக்டீரியாவைச் சுமக்கலாம். பாலைக் காய்ச்சினால் பாக்டீரியா மடியும். மருந்தெச்சமோ முழுவதும் மறைந்துவிடாது. இரண்டுக்கும் வேறு சோதனை, வேறு ஆய்வகம், வேறு காலக்கணக்கு தேவை. எச்சத்தை வேதியியலர் அளக்கிறார்; எதிர்ப்பை நுண்ணுயிரியலர் வளர்த்துப் பார்க்கிறார். சட்டம் வேதியியலரின் மொழியையே பேசிற்று.

இதற்கு ஒரு வணிகக் காரணமும் உண்டு. சாந்தோம் நெடுஞ்சாலையின் தென்கோடியில், இராஜா அண்ணாமலைபுரத்தில், மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் அமைந்துள்ளது. 1987 இல் தோன்றிய இந்நிறுவனத்தின் பணியில் இறால் வளர்ப்பு முதன்மையானது. ஐரோப்பியத் துறைமுகங்களில் இந்திய இறால் மருந்தெச்சத்துக்காகத் திருப்பி அனுப்பப்பட்ட அனுபவத்துக்குப் பின், 2005 ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழிச் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையம் அமைந்தது. இறால் பண்ணையில் பயன்படுத்தக்கூடாத 20 நுண்ணுயிர்க்கொல்லிகளையும் பிற மருந்துப் பொருள்களையும் கொண்ட பட்டியல் அதன் விதிகளில் இடம்பெற்றது. கப்பலேறும் இறாலுக்கு இத்தனை காவல் இருந்த காலத்தில், தியாகராய நகர் உணவகத்துக்கும் சைதாப்பேட்டைச் சந்தைக்கும் செல்லும் கோழிக்கு அதற்கு நிகரான தடைப்பட்டியல் இல்லை. வாங்குபவர் திருப்பியனுப்பும் ஆற்றல் பெற்றிருந்த இடத்தில் மட்டுமே விதி கடுமையாயிற்று என்று இதனைக் கொள்ளலாம்.

சென்னைப் பிரகடனம்

என்.டி.எம்.-1 பூசல் அடங்கிய இரண்டாம் ஆண்டில், 2012 ஆகஸ்டு 24 அன்று, இந்திய மருத்துவச் சங்கங்கள் பலவற்றின் கூட்டுக்கூட்டம் சென்னையில் நடைபெற்றது. தொற்றுநோய் மருத்துவர் அப்துல் கஃபூர் ஒருங்கிணைத்த அக்கூட்டத்தின் விளைவே ‘சென்னைப் பிரகடனம்’. அது வெளியானது புற்றுநோயியல் ஆய்விதழ் ஒன்றில். முதற்பார்வைக்குப் பொருந்தாததாகத் தோன்றும் இத்தேர்வுக்குப் பொருளுண்டு. புற்றுநோய்க்கான வேதிச்சிகிச்சை உடலின் காப்பாற்றலைக் குறைக்கும்போது, நோயாளியின் சொந்தக் குடல் பாக்டீரியாவே குருதியில் புகுந்து உயிருக்கு உலைவைக்கும். நுண்ணுயிர்க்கொல்லி வேலைசெய்யும் என்ற உறுதியின்மேல்தான் அச்சிகிச்சையே நிற்கிறது. முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954 இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை எழுந்த நகரத்தில் இவ்விணைப்பை விளக்கவேண்டியதில்லை.

பிரகடனத்தின் சிறப்பு அதன் அடக்கம். மருத்துவர் சீட்டின்றி எம்மருந்தையும் விற்கலாகாது என்ற முழுத்தடை, மருத்துவரே இல்லாத சிற்றூர்களில் சாவையே கூட்டும் என்று உணர்ந்து, படிப்படியான கட்டுப்பாட்டை அது கேட்டது. 2011 இல் நடுவணரசு வெளியிட்ட தேசியக் கொள்கை நடைமுறைச் சிக்கலால் தேங்கிய நிலையில், இவ்வணுகுமுறை பயன் தந்தது. 2013 ஆகஸ்டு 30 அன்று அறிவிக்கப்பட்டு 2014 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்த எச்1 அட்டவணை 46 மருந்துகளைத் தனிக் கட்டுப்பாட்டின்கீழ்க் கொணர்ந்தது. அவற்றை விற்கும் கடைக்காரர் மருத்துவர் பெயர், நோயாளி பெயர், அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி 3 ஆண்டு காக்கவேண்டும்.

கால்நடைத் துறையின் மருந்துப் பயன்பாட்டையும் பிரகடனம் சுட்டாமலில்லை. ஆனால் கூடியவை மருத்துவச் சங்கங்கள். ஆவணத்தின் எடை மருத்துவமனைப் பக்கமே சாய்ந்தது. எச்1 பதிவேட்டில் எழுதப்படுவது மனித நோயாளியின் பெயர். தீவனச் சேர்க்கை மூட்டையாகக் கொட்டகைக்குச் செல்லும் மருந்து மருந்துக்கடைப் படியேறுவதே இல்லை. 2015 இல் வெளியான உலகளாவிய மதிப்பீடு ஒன்று, உணவுக்கான விலங்குகளின் நுண்ணுயிர்க்கொல்லிப் பயன்பாடு 2010 இல் ஏறத்தாழ 63,000 டன் என்றும், 2030 க்குள் அது 67 விழுக்காடு கூடும் என்றும் கணித்தது; அதிகம் பயன்படுத்தும் நாடுகளில் இந்தியா நான்காமிடத்தில் வைக்கப்பட்டிருந்தது.

கொலிஸ்டின்

இரு துறைகளையும் இறுதியில் ஒரே மேசைக்குக் கொணர்ந்தது ஒரு பழைய மருந்து. 1950 ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஜப்பானில் கண்டறியப்பட்ட கொலிஸ்டின், சிறுநீரகத்தைத் தாக்குவதால் 1970களில் மனித மருத்துவத்திலிருந்து பெரிதும் ஒதுக்கப்பட்டது. மனிதர் ஒதுக்கியதால் மலிவாயிற்று. மலிவானதால் பண்ணைகளில் நிலைத்தது. கார்பபெனெம்களையும் பாக்டீரியாக்கள் வெல்லத் தொடங்கியபோது தீவிரச் சிகிச்சைப் பிரிவின் மருத்துவர்கள் வேறு வழியின்றி அதனை மீண்டும் கையிலெடுத்தனர். என்.டி.எம்.-1 உடைய கிருமிகளுக்கு எதிராகக் கைவசமிருந்த மிகச் சில மருந்துகளுள் அதுவும் ஒன்று. நோயாளிக்குக் கடைசிப் புகலான மருந்து, அதே வேளையில், குஞ்சுகளின் எடை கூட்டத் தீவனத்தில் கலக்கப்பட்டுக்கொண்டிருந்தது.

2015 நவம்பரில் சீன ஆய்வாளர்கள், பன்றிகளிடமிருந்தும் இறைச்சியிலிருந்தும் பெற்ற எஷரிக்கியா கோலியில் எம்.சி.ஆர்.-1 என்னும் மரபணுவைக் கண்டதாக அறிவித்தனர். கொலிஸ்டினுக்கு எதிர்ப்புத் தரும் அம்மரபணு பிளாஸ்மிட்டில் அமர்ந்திருந்தது. எனவே இனம்விட்டு இனம் கைமாறவல்லது. 2017 இல் சீனா கொலிஸ்டினை வளர்ச்சியூக்கியாகப் பயன்படுத்துவதை நிறுத்திற்று. அதே ஆண்டு ஏப்ரலில் இந்தியா வெளியிட்ட தேசியச் செயல்திட்டம் மனிதர், கால்நடை, சுற்றுச்சூழல் மூன்றையும் ஒருங்கே பேசிற்று.

சென்னையின் பங்களிப்பு இவ்விடத்தில் மீண்டும் தலைகாட்டுகிறது. அப்துல் கஃபூரும் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்களும் இணைந்து, சென்னையில் வாங்கிய உணவு மாதிரிகளில் கொலிஸ்டின் எதிர்ப்புடைய எஷரிக்கியா கோலியையும் கிளெப்சியெல்லாவையும் தேடினர். கணிசமான பங்கில் அவை கிடைத்தன. சிலவற்றில் எதிர்ப்பு பாக்டீரியாவின் சொந்த நிறப்புரியில் நேர்ந்த மாற்றத்தால் விளைந்தது. வேறு சிலவற்றில் எம்.சி.ஆர்.-1 இருந்தது. 2010 ஆம் ஆண்டுக் கட்டுரையிலிருந்து இவ்வாய்வை வேறுபடுத்துவது முடிவன்று, மாதிரி எடுத்த இடம். நோயாளியின் படுக்கையருகே சேகரித்த நகரம், எட்டு ஒன்பது ஆண்டுகளுக்குப் பின் தன் கடைத்தெருவில் சேகரித்தது.

2019 ஜூலை 19 அன்று நடுவண் சுகாதார அமைச்சகம், 1940 ஆம் ஆண்டு மருந்துகள், அழகுப்பொருள்கள் சட்டத்தின் 26ஏ பிரிவின்படி, உணவுக்கான விலங்குகள், கோழி, நீர்வாழ் உயிரின வளர்ப்பு, தீவனச் சேர்க்கை ஆகியவற்றுக்காகக் கொலிஸ்டினைத் தயாரிப்பதையும் விற்பதையும் பகிர்ந்தளிப்பதையும் தடைசெய்தது. அதன் உறையில் இத்தடையை அச்சிடவும் பணித்தது. வளர்ச்சியூக்கிக்கு மட்டும் என வரையறுக்காமல், நோய் தீர்க்கவும் பண்ணையில் அதற்கு இடமில்லை என்றாக்கியதில் இவ்வாணை சீனாவின் நடவடிக்கையைவிடக் கடுமையானது. அது பிறந்தது தீவனச் சட்டத்திலோ கால்நடைச் சட்டத்திலோ அன்று, மருந்துச் சட்டத்தில். தீவனத்தைக் கட்டாயமாக நெறிப்படுத்தும் தனிச் சட்டம் இல்லாத நிலையில் கையில் கிடைத்த கருவி அது. டெட்ராசைக்ளின் உள்ளிட்ட ஏனைய மருந்துகள் அவ்வாணைக்கு வெளியே நின்றன.

சென்னை மாதிரிகளைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் விட்டுவிடும் செய்தி ஒன்றுண்டு. ஆய்வாளர்கள் வாங்கியவை கோழியும் ஆட்டிறைச்சியும் மீனும் மட்டுமல்ல. காய்கனிகளும் அவற்றுள் இருந்தன. பண்ணைக் கழிவு எருவாகி வயலுக்குச் செல்கிறது. கழிவுநீர் கால்வாயோடு கலந்து பாசனத்துக்குத் திரும்புகிறது. இறைச்சியைச் சென்னை வீடுகள் நன்றாக வேகவைத்தே உண்கின்றன. வெள்ளரியையும் தக்காளியையும் அரிந்தவுடன் அப்படியே உண்கின்றன. எருவில் எத்தகைய மரபணுக்கள் செல்கின்றன என்பதைக் கண்காணிக்கும் பொறுப்பை 2019 ஆம் ஆண்டு ஆணை எவரிடமும் ஒப்படைக்கவில்லை.